பரண்ல இருக்கிற பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு முலாம் பூசப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

1/
போன வாரம் எங்க கொமாரபாளையத்துல தறி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் சாக்குப் பையோட கிளினிக்குக்கு வந்தார். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. பையில இருந்தது அவரோட அப்பாரு, அதாவது தாத்தா, வெச்சிருந்த பெட்ரோமாக்ஸ் லைட். பழைய விளக்குகளைப் பழுது பார்க்கிறது என் பொழுதுபோக்குன்னு தெருவுக்கே தெரியும்.

2/
அண்ணனோட பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புல இந்த லைட்டைப் பத்த வெச்சு முன்னால தூக்கிட்டுப் போகணும்னு ஆசை. "சார், இதுக்கு முலாம் பூசி கண்ணாடியாட்டம் ஆக்கிடலாமுங்களா?"ன்னு கேட்டார்.

ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தையில சொல்லிடக்கூடிய கேள்விதான். ஆனா காரணம் சொல்லணும்னா பெர்லின், மணவாளக்குறிச்சி, வெள்ளைக்காரன் குதிரை லாயம் வரைக்கும் போயிட்டு வரணும். நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

3/
பெட்ரோமாக்ஸ்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 1984-ல வந்த 'வைதேகி காத்திருந்தாள்'. கவுண்டமணியோட சைக்கிள் கடை, வாடகை லைட், அதுல எப்படி வெளிச்சம் வருதுன்னு கேட்டுட்டு மேண்டிலைப் பிடிச்சு நசுக்கிடுற செந்தில். நாற்பது வருஷமா சிரிச்சுட்டு இருக்கோம்.

செந்தில் கையில பொடியாப் போச்சே, அது என்ன பொருள்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? அங்கிருந்தே தொடங்குவோம்.

4/
முதல்ல லைட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். கீழே பித்தளை டாங்க், சுமார் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய். பம்ப் அடிச்சா உள்ளே காத்தழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எண்ணெயை ஒரு குழாய் வழியா மேலே தள்ளும். ஸ்பிரிட் ஊத்தி ஏற்கெனவே சூடாக்கின குழாயில எண்ணெய் ஆவியாகி, ஊசித் துளை வழியா சீறி, காத்தோட கலந்து மேண்டிலுக்குள்ள எரியும்.

இதுல திரி எரியறது இல்லை. அந்தச் சூட்டுல வெள்ளையா ஒளிர்றது மேண்டில்தான்.

5/
இந்த மேண்டிலைக் கண்டுபிடிச்சவர் வியன்னாக்காரர், கார்ல் ஔவர் ஃபான் வெல்ஸ்பாக். ஹைடல்பர்க்கில் புன்சன்கிட்ட வேதியியல் படிச்சவர். ஆமாங்க, ஸ்கூல் லேப்ல பார்த்த அதே புன்சன் பர்னர் புன்சன்.

1885-ல முதல் காப்புரிமை வாங்கினார். அந்த மேண்டில் பச்சையா வெளிச்சம் தந்தது, சீக்கிரமே உதிர்ந்தது, வியாபாரமும் படுத்துருச்சு. மனுஷன் விடலை. 1891-ல சரியான கலவை கிடைச்சது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு.

6/
பருத்தி வலையை இந்த உப்புக் கரைசல்ல ஊற வெச்சுக் காய வெப்பாங்க. முதல் தடவை பத்த வெச்சதும் துணி எரிஞ்சு போயிடும். துணியோட வடிவத்துல ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் நிக்கும். அதனாலதான் விரல் பட்டாலே உதிருது.

ஆக, செந்தில் கையில இருந்தது சாதாரணச் சாம்பல் இல்லை. தோரியத்தால ஆன மேண்டிலா இருந்தா, அது கதிரியக்கப் பொருள்.

7/
பதறாதீங்க, அளவு ரொம்பக் குறைவு. இதைப் பத்திப் பின்னால விவரமா பேசலாம்.

அதுக்கு முன்னால, தோரியம் எங்கிருந்து வந்தது? மோனசைட்னு ஒரு கடற்கரை மணல்ல இருந்து. ஆரம்பத்துல பிரேசில் மணலைத்தான் நம்பியிருந்தாங்க. 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து இறக்குமதியான கயித்து நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதுல மோனசைட் இருந்தது.

8/
தேங்காய் நார்ல ஒட்டின மணலைப் பிடிச்சுக்கிட்டே வந்து, அடுத்த ஓரிரு வருஷத்துக்குள்ள மணவாளக்குறிச்சியில ஆலை போட்டாங்க. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-க்கு அப்புறம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம்.

முதல் உலகப் போர் வந்ததும் அந்த மணல் ஜெர்மன்காரங்க கையை விட்டுப் போய் பிரிட்டிஷ்காரங்க கைக்கு வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1950-ல அரசே இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிச்சு. அணுசக்திக் கனவுக்கு ஆன தோரியமும் கல்யாண வீட்டு வெளிச்சத்துக்கு ஆன தோரியமும் ஒரே மணல்தான்.

9/
இனி பெர்லின். எஹ்ரிக் அண்ட் கிரெட்ஸ்னு ஒரு விளக்குக் கம்பெனி. அதை நடத்தின மாக்ஸ் கிரெட்ஸ், 1910 வாக்கில் மண்ணெண்ணெயை அழுத்தத்துல ஆவியாக்கி மேண்டிலை எரிக்கிற விளக்கைக் கொண்டு வந்தார். பெட்ரோலியம் + மாக்ஸ் = பெட்ரோமாக்ஸ். இதே காலத்துல அமெரிக்காவுல கோல்மன், கொஞ்சம் பின்னால இங்கிலாந்துல டில்லி.

மேற்கத்திய நாடுகள்ல கரன்ட் வந்த பிறகு இது காட்டுல கூடாரம் போடுறவங்க கொண்டு போற லாந்தர் ஆயிடுச்சு. நம்ம ஊர்ல கதை வேற.

10/
மேட்டூர் அணை முடிஞ்சது 1934. அங்கே மின்சார உற்பத்தி தொடங்கினது 1937. ஆனா அதே காவிரிக்கரையில கீழே இருக்கிற எல்லா ஊருக்கும், ஊருக்குள்ள எல்லா வீட்டுக்கும் கரன்ட் வந்து சேர இன்னும் பல பத்தாண்டு ஆச்சு.

அந்த இடைவெளி முழுக்க ராத்திரி வெளிச்சம்னா பெட்ரோமாக்ஸ்தான். மாரியம்மன் நோம்பி, தெருக்கூத்து, கல்யாண ஊர்வலம், எழவு வீடு எல்லாத்துக்கும் அதுதான். நம்ம பக்கம் பலபேர் 'கேஸ் லைட்டு'ன்னே சொல்லுவாங்க.

11/
சொந்தமா வாங்க எல்லாராலும் முடியாது. சைக்கிள் கடையிலயோ ரேடியோ செட் கடையிலயோ ராத்திரிக் கணக்குல வாடகைக்கு எடுப்பாங்க. தலையில சும்மாடு வெச்சு, அதுக்கு மேல லைட்டை வெச்சு, ஊர்வலம் பூரா நடந்தவங்க இருக்காங்க. கல்யாண போட்டோவுல மாப்பிள்ளை பொண்ணு தெரியறதே அந்த வெளிச்சத்துலதான். லைட்டைத் தூக்கினவர் மட்டும் எந்தப் போட்டோவுலயும் இருக்க மாட்டார்.

12/
லைட்டுக்காரர்னா வாடகைக்கு விடுறவர் மட்டும் இல்லை, அவர்தான் மெக்கானிக்கும். பம்ப் தோல் வாசர் காஞ்சு போனா எண்ணெயில ஊற வெச்சு விரிச்சு மாட்டணும். குழாய்ல கரி அடைச்சா சுட்டுத் தட்டி எடுக்கணும். ஊசி வளைஞ்சா மாத்தணும். டாங்க் ஒழுகினா பத்த வைக்கணும். பித்தளை தெரிய ஆரம்பிச்சா முலாம் போட அனுப்பணும்.

அந்தப் பட்டறை வேலையில கை வெச்ச உலோகம் ஒவ்வொண்ணுக்கும் மருத்துவப் புத்தகத்துல ஒரு பக்கம் இருக்கு. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

13/
முதல்ல ஈயம். தமிழ்ல இந்த ஒரு சொல்லே பெரிய குழப்பம். வெள்ளீயம் வேற, காரீயம் வேற. பித்தளைப் பாத்திரத்துக்குள்ள பூசறது, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, இதெல்லாம் வெள்ளீயமா இருக்கணும். காரீயம் நரம்பு, ரத்தம், சிறுநீரகம்னு எல்லாத்தையும் கெடுக்கிற விஷம். குழந்தைகளோட மூளைக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை'ன்னு ஒரு அளவே கிடையாது.

14/
பழைய விளக்கு டாங்க்ல பத்த வெச்ச இடங்கள்ல பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும். வெள்ளீயத்தோட காரீயம் சேர்ந்தா சீக்கிரம் உருகும், நல்லா ஒட்டும்.

அதனால பழைய ஒட்டை அரம் போட்டுத் தேய்க்காதீங்க, உப்புத்தாளும் போடாதீங்க. அந்தத் தூள் கைக்குப் போய், கையில இருந்து சோத்துக்குப் போகும். சமையல் கட்டுல வெச்சு ஈயம் உருக்கவே கூடாது. வீட்டுல கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தா இந்த வேலையே வீட்டுல வேண்டாம்.

15/
இன்னொண்ணு, இது உயிர் போற விஷயம். டாங்க்ல மண்ணெண்ணெயைக் கொட்டிட்டா காலின்னு நினைக்காதீங்க. உள்ளே ஆவி நிக்கும். அந்த டாங்க்ல நெருப்பு காட்டினா குண்டு மாதிரி வெடிக்கும். விவரம் தெரிஞ்ச ஆளுங்க நல்லா கழுவி, தண்ணி நிரப்பி, பத்த வைக்கிற இடத்தை மட்டும் வெளியே விட்டுத்தான் நெருப்பு வைப்பாங்க. இதை வீடியோ பார்த்துக் கத்துக்க வேண்டாம்.

16/
அடுத்தது நிக்கல். பித்தளை டாங்க் வெள்ளி மாதிரி மின்னுதே, அது நிக்கல் முலாம். வெறும் அழகுக்கு இல்லை. பித்தளை நாளாக நாளாக மங்கும், களிம்பு ஏறும். நிக்கல் மேல இருந்தா கரி படிஞ்சாலும் துணியால துடைச்சா போயிடும், வெளிச்சமும் நல்லா பிரதிபலிக்கும்.

மின்சாரம் செலுத்தி நிக்கல் பூசற கரைசலை 1916-ல அமெரிக்காவுல ஆலிவர் வாட்ஸ் மேம்படுத்தினார். இன்னிக்கும் முலாம் பட்டறைகள்ல 'வாட்ஸ் பாத்'னுதான் பேரு.

17/
ஆனா அதுக்கும் முன்னாலயே, 1889-ல, பெர்லின்ல தோல் மருத்துவர் ஆல்ஃபிரெட் பிளாஷ்கோ ஒரு விஷயத்தை எழுதி வெச்சார். முலாம் போடுறவங்க கையில, முன்கையில தீராத அரிப்பும் கொப்புளமும் வருதுன்னு. 'நிக்கல் அரிப்பு'ன்னே பின்னாடி பேர் வந்தது. தோல் மருத்துவம் படிக்கிறவங்களுக்கு 'பிளாஷ்கோ கோடுகள்' ஞாபகம் வரும், அதே ஆள்தான்.

நிக்கல் அலர்ஜி ஒருதடவை வந்தா வாழ்நாள் பூரா இருக்கும். கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுதே, பேண்ட் பட்டன் படுற இடத்துல தொப்புளுக்குக் கீழே கருப்பா அரிக்குதே, அதெல்லாம் இதோட சொந்தக்காரங்கதான்.

18/
மூணாவது குரோமியம். 1920-கள்ல குரோமியம் முலாம் வியாபாரமா வளர்ந்தது. நிக்கலுக்கு மேல இன்னொரு மெல்லிய படலம். நிக்கல்ல கொஞ்சம் மஞ்சள் சாயல் இருக்கும், குரோமியம் நீலச் சாயலோட மின்னும். உங்க லைட் எந்த வகைன்னு பகல் வெளிச்சத்துல பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

முலாம் தொட்டியில இருக்கிற குரோமியம் ஆபத்தானது. கரைசல்ல குமிழி வெடிக்கும்போது பனித்துளி மாதிரி காத்துல கலக்கும். மூச்சுல போனா மூக்கின் நடுச்சுவர்ல புண்ணாகி ஓட்டை விழும். பல வருஷம் போனா நுரையீரல் புற்றுநோய்.

19/
இது புதுசா கண்டுபிடிச்ச ஆபத்து இல்லை. குரோமிய உப்பு மனுஷத் தோலை என்ன பண்ணுதுன்னு 1827-லயே கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் கூமின் எழுதிட்டார். அவர் யாரைப் பார்த்து எழுதினார் தெரியுமா? சாயம் போடுறவங்களை.

சாயப்பட்டறை ஊர்ல உட்கார்ந்துட்டு இதைப் படிக்கும்போது எனக்கு என்னமோ பண்ணுச்சு. மூக்கு ஓட்டையில கொடுமை என்னன்னா, பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. வலிக்காத நோய்க்கு லீவு போட்டு டாக்டரைப் பார்க்க யாரும் வர மாட்டாங்க.

20/
இப்போ அண்ணன் கேட்ட 'கண்ணாடியாட்டம்' என்ற வார்த்தைக்கு வருவோம். மறுமுலாம்னா என்ன பண்ணுவாங்க? பழைய முலாமை அமிலத்துல உரிப்பாங்க. பித்தளையை பஃபிங் மிஷின்ல தேய்ப்பாங்க. அப்புறம் பல பட்டறைகள்ல சயனைடு கலந்த செம்புத் தொட்டி, பிறகு நிக்கல், பிறகு குரோமியம்.

ஒவ்வொரு தொட்டி பக்கத்துலயும் ஒருத்தர் நிப்பார். பட்டறையில காத்தை இழுக்கிற விசிறி, ரப்பர் கையுறை, கழிவு நீர் சுத்திகரிப்பு எல்லாம் சரியா இருந்தா பாதுகாப்பா செய்யக்கூடிய வேலைதான். இல்லைன்னா நம்ம லைட்டோட பளபளப்புக்கு அவர் மூக்கும் நம்ம ஆறும்தான் விலை.

21/
லைட்டுக்கும் நஷ்டம் இருக்கு. தேய்க்கத் தேய்க்கப் பித்தளை மெலியும். டாங்க்ல அச்சடிச்ச கம்பெனி முத்திரை, எண் எல்லாம் மழுங்கும். அப்புறம் அது எந்த வருஷத்து லைட்டுன்னு கண்டுபிடிக்க முடியாது.

பழைய நிக்கல் பூச்சு ரொம்ப மெல்லிசு. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்கங்க. சாம்பல், செங்கல் பொடி, உப்புத்தாள், ஸ்டீல் நார்னு எதைப் போட்டாலும் முலாம்தான் முதல்ல போகும்.

22/
அப்போ எப்படிச் சுத்தம் பண்றது? நான் பண்ற முறை இது:

• முதல்ல வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு, பழைய டூத் பிரஷ். அழுக்குன்னு நினைச்சதுல பாதி இதுலயே போயிடும்.
• காஞ்சு கெட்டியான எண்ணெய்ப் பிசினுக்கு மண்ணெண்ணெய்லயே ஒரு நாள் ஊறல்.
• முலாம் இல்லாத பித்தளைப் பாகத்துக்கு மட்டும் புளி. ரெண்டு நிமிஷத்துல கழுவிடணும்.

23/
புளியில ராத்திரி பூரா ஊற வைக்காதீங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். அமிலத்துல ரொம்ப நேரம் கிடந்தா மேல்பரப்புல துத்தநாகம் கரைஞ்சு, செம்பு மட்டும் ரோஸ் கலர்ல நிக்கும். பார்க்கப் புதுசா இருக்கும், பலம் இருக்காது.

மேல் மூடி எனாமல் பூசின இரும்பா இருந்தா, உதிர்ந்த இடத்துல துருவை மட்டும் எடுத்துட்டு, சூடு தாங்குற பெயின்ட் தொட்டு வெச்சா போதும். சாவித் தண்டைச் சுத்தி இருக்கிற பழைய கருப்புப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. காஞ்சபடியே சுரண்டி ஊதாதீங்க, நனைச்சு எடுங்க.

24/
இப்போ தோரியம். இதோட அரை ஆயுள் சுமார் 1,400 கோடி வருஷம். ரொம்ப மெதுவா சிதையுது. அதுல இருந்து வர்ற ஆல்ஃபா கதிர் நம்ம தோலைக்கூடத் தாண்டாது. முழுசா இருக்கிற மேண்டில் பக்கத்துல ஒரு ராத்திரி உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது.

பிரச்சினை, அது உடம்புக்குள்ள போய்த் தங்கினாத்தான். இதுக்கு மருத்துவத் துறையே ஒரு கசப்பான சாட்சி வெச்சிருக்கு.

25/
1930 வாக்கில் 'தோரோட்ராஸ்ட்'னு ஒரு மருந்து வந்தது. எக்ஸ்ரேயில ரத்தக்குழாய் தெளிவா தெரியறதுக்காக உடம்புக்குள்ள செலுத்துவாங்க. அதுல இருந்தது தோரியம் ஆக்சைடு. மேண்டில்ல இருக்கிற அதே பொருள்! படம் அற்புதமா வந்தது. அந்த நேரத்துல நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உலகம் பூரா டாக்டர்கள் உபயோகிச்சாங்க.

ஆனா அது வெளியே போகவே இல்லை. கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் ஆயுசுக்கும் தங்கிடுச்சு. இருபது முப்பது வருஷம் கழிச்சுக் கல்லீரல் புற்றுநோயா வந்தது. 1950-கள்ல கைவிட்டாங்க. போட்டவங்க எங்க ஆளுங்கதான், அதையும் சொல்லியாகணும்.

26/
மேண்டில் அந்த அளவு ஆபத்து இல்லவே இல்லை. ஆனா பாடம் ஒண்ணுதான்: தூளை உள்ளே இழுக்காதீங்க. உடைஞ்ச மேண்டிலை வாயால ஊதித் தள்ளாதீங்க. ஈரத் துணியால துடைச்சு, கவர்ல கட்டிப் போட்டுட்டுக் கை கழுவுங்க. குழந்தைங்க கையில தராதீங்க.

பழைய மேண்டில்ல பெரிலியமும் சேர்த்திருப்பாங்க. புது மேண்டிலை முதல்தடவை எரிக்கும்போது, முதல் கால் மணி நேரத்துலதான் அந்தப் புகை பெரும்பாலும் வரும். நுரையீரலுக்கு ஆகாது. அதனால முதல் எரிப்பு வெட்டவெளியில, தள்ளி நின்னு. இப்போ யிட்ரியம் போட்ட, தோரியம் இல்லாத மேண்டில் வருது, அதைக் கேட்டு வாங்குங்க.

27/
இதை எழுதும்போது எனக்குத் தோணுறது அந்த லைட்டுக்காரங்கதான். தினம் சாயங்காலம் நாலு, அஞ்சு புது மேண்டில் கட்டி, முகத்தைப் பக்கத்துல வெச்சுப் பத்த வெச்சு, உடைஞ்சதை ஊதித் தள்ளி, அதே கையில டீ குடிச்சவங்க. அவங்க நுரையீரல் என்ன ஆச்சுன்னு நம்ம ஊர்ல யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

28/
சரி, அண்ணனோட லைட்டுக்கு வருவோம். கழுவினதும் நிக்கல் முக்கால்வாசி அப்படியே இருந்தது. எனக்கே சந்தோஷம். டாங்க் தோள்பட்டையில மட்டும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. "அது கீறல்ங்க சார், முலாம் போட்டா மறைஞ்சிரும்"னார் அண்ணன்.

நான் எண்ணெய் ஊத்தாம, காத்து மட்டும் பம்ப் அடிச்சு, அந்த இடத்துல சோப்பு நுரை தடவினேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் அந்தக் கோடு மேலேயே கடுகு மாதிரி வரிசையா குமிழி.

கீறல் இல்லை. விரிசல்.

29/
"இத்தனை வருஷமா லைட்டு எங்கீங்க இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "வூட்டுக்குக் கரன்ட் வந்தப்புறம் கட்டுத்தறியிலதானுங்க தொங்கிட்டு இருந்துச்சு."

மாடு கட்டுற இடம். இப்போதான் வெள்ளைக்காரன் குதிரை லாயத்துக்கு வர்றோம்.

30/
பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இந்தியாவுல ஒரு விசித்திரமான பிரச்சினை இருந்தது. மழைக்காலத்துல குதிரை லாயத்துல வெச்சிருந்த துப்பாக்கித் தோட்டாக்களோட பித்தளைக் கூடு, யாரும் தொடாமலே விரிசல் விட்டுது. சீசன்ல வர்றதால 'சீசன் கிராக்கிங்'னு பேர் வெச்சாங்க.

1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் சேர்ந்து காரணம் சொன்னாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா, கூடவே ஈரம். பித்தளையை அழுத்தி இழுத்து வடிவம் பண்ணும்போது உள்ளேயே ஒரு இழுவிசை தங்கிடும். அம்மோனியா பட்டா அந்த இடம் விரிசல் விடும்.

31/
பெட்ரோமாக்ஸ் டாங்க்கும் அச்சுல அழுத்தி வடிவம் பண்ணின பித்தளைதான். தொழுவத்துலயும் அம்மோனியாதான். இந்த லைட்டுக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா சந்தேகம் அங்கேதான் போகுது.

இதுல உங்களுக்கும் சேதி இருக்கு. அம்மோனியா கலந்த பாலிஷ் பழைய பித்தளை டாங்க்குக்கு வேண்டாம். ஈயம் பூசும்போது போடுற நவச்சாரமும் அமோனிய உப்புதான். வேலை முடிஞ்சா நல்லா கழுவித் துடைச்சு வைக்கணும்.

32/
அந்த விரிசல் மேல முலாம் பூசியிருந்தா? மெல்லிசா மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே எச்சரிக்கையும் போயிருக்கும். கல்யாணத்தன்னைக்கு சிவப்புக் கோடு வரைக்கும் பம்ப் அடிச்சா டாங்க்ல அழுத்தம் சுமார் 2 பார். நடந்து போகும்போது கோடு திறந்தா, மண்ணெண்ணெய் பொடித்துளியா சீறும். ஒரு ஜாண் மேலே பழுக்கக் காய்ஞ்ச பர்னர். கீழே ஒருத்தரோட தலை. சுத்தி பட்டுப் பாவாடை கட்டின குழந்தைங்க.

தீக்காய வார்டுல வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் மிச்சத்தைச் சொல்லுவாங்க. நான் சொல்லலை.

33/
பத்த வெச்சு அடைக்கலாமேன்னு கேப்பீங்க. ஒட்டு ஒழுகினா அடைக்கலாம். தகடே விரிசல் விட்டா, இன்னிக்கு ஒரு இடத்தை அடைச்சா நாளைக்குப் பக்கத்துல வாய் திறக்கும். அழுத்தம் தாங்குற வேலைக்கு அந்த டாங்க் இனி ஆகாது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார், "அப்பொ பத்த வெக்காம எடுத்துட்டுப் போலாமுங்களா?"

தாராளமா போலாம்னேன்.

34/
பம்ப் குமிழ்ல ஒரு பக்கம் மட்டும் நிக்கல் தேய்ஞ்சு பித்தளை தெரியுது. வருஷக்கணக்கா கட்டைவிரல் பட்ட இடம். அதை என்ன பண்றதுன்னு கேட்டேன். அண்ணன் தன் கட்டைவிரலை அதுல வெச்சுப் பார்த்தார். "அது அப்பாரோடதுங்க. அப்புடியே இருக்கட்டும்."

முலாம் போட அனுப்பியிருந்தா முதல்ல போயிருக்கிறது அதுதான்.

35/
ஆக, சுருக்கம்:

• கழுவுங்க, தேய்க்காதீங்க. முத்திரையும் தேய்மானமும் லைட்டோட சரித்திரம்.
• பத்த வைக்கிறதுக்கு முன்னால எண்ணெய் இல்லாம காத்தடிச்சு நுரை சோதனை. தகட்டுல குமிழி வந்தா அது காட்சிப் பொருள் மட்டும்தான்.
• மண்ணெண்ணெய் லைட்டுல பெட்ரோல், தின்னர் எதுவும் ஊத்தவே கூடாது. ரேஷன்ல மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னு இந்த விபரீதம் வேண்டாம்.
• மூடின அறைக்குள்ள எரிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

36/
• கடைசியா, டாங்க்ல இருந்து எடுத்த எண்ணெயைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. குழந்தை குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத் தண்ணி கொடுக்காதீங்க, விரல் விடாதீங்க. வாந்தியில திரும்பி வர்ற மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ள போறதுதான் உயிருக்கு ஆபத்து. நேரா ஆஸ்பத்திரி.

37/
தை மாசம் ஊர்வலத்துல அந்த லைட் போகும். உள்ளே பேட்டரியில எரியற சின்ன எல்.இ.டி. பல்பு மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். பழைய நிக்கல், ஒடுங்கின மூடி, தேய்ஞ்ச குமிழ் எல்லாம் அப்படியே. யார் தூக்குறதுன்னு கேட்டேன். "நானேதானுங்க"ன்னார். இந்தத் தடவை லைட்டைத் தூக்கினவரையும் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருந்தா போட்டோ போடுங்க. எரியற போட்டோ அப்புறம். முதல்ல நுரை சோதனை போட்டோ!

நாலு பேருக்குப் பகிருங்க, யார் வீட்டுலயாவது உதவும்.